ஏறுவதா, நிற்பதா: நவோயா இனோவேயின் எடைக் கணக்கு

48.9 கிலோ. 2014-ல் ஜப்பானியக் குத்துச்சண்டை வீரர் நவோயா இனோவே சண்டைக்கு முந்தின நாள் எடைமேடையில் காட்டியே ஆகவேண்டிய எண் அது. வயது 20, உயரம் 165 சென்டிமீட்டர், உடம்பு இன்னும் தடித்துக்கொண்டிருந்த பருவம். அந்த ஏப்ரல் 6-ம் தேதி டோக்கியோவின் ஓட்டா உள்ளரங்கில் மெக்சிகோவின் அட்ரியன் ஹெர்னாண்டஸை ஆறாவது ரவுண்டில் வீழ்த்தி டபிள்யூபிசி (உலகப் பட்டம் தரும் நாலு அமைப்புகளில் ஒன்று; மற்றவை டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ) லைட் ஃப்ளைவெயிட் பட்டத்தை வாங்கினார். தொழில்முறையில் அது அவருக்கு ஆறாவது சண்டைதான். அதற்கு முன் எந்த ஜப்பானியரும் அவ்வளவு குறைந்த சண்டைகளில் உலகப் பட்டம் வாங்கியதில்லை. ஆனால் சண்டை பாதிகூட ஆகாதபோதே அவருக்குக் கால் பிடித்துக்கொண்டது. ஹெர்னாண்டஸ் அடித்த அடியால் வந்த வினை இல்லை அது. எடை காட்டுவதற்காக உடம்பிலிருந்து பிழிந்தெடுத்த தண்ணீர் செய்த வேலை.

இனோவே ரசிகர்கள் எங்கே கூடினாலும் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முட்டுகிறது: ஃபெதர்வெயிட்டுக்கு ஏறலாமா, சூப்பர் பாண்டம்வெயிட்டிலேயே நிற்கலாமா? இந்தக் கேள்வியைத் தனியாக எடுத்து வைத்து வாதாடினால் ஊர் வம்பாகத்தான் முடியும். இதே மாதிரி முடிவை அவர் முன்பும் எடுத்திருக்கிறார். அவருடைய நாட்டிலேயே வேறு சிலர் இதற்கு நேர்மாறான முடிவுகளை எடுத்து, அதன் பலனையும் அனுபவித்திருக்கிறார்கள். அவர்களை அவர் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு ஃபெதர்வெயிட்டுக்கு வருவோம்.

அதற்கு முன் அளவுகள். மினிமம்வெயிட் 105 பவுண்டு, அதாவது 47.6 கிலோ. லைட் ஃப்ளைவெயிட் 108 (48.9 கிலோ), ஃப்ளைவெயிட் 112 (50.8), சூப்பர் ஃப்ளைவெயிட் 115 (52.1), பாண்டம்வெயிட் 118 (53.5), சூப்பர் பாண்டம்வெயிட் 122 (55.3), ஃபெதர்வெயிட் 126 (57.1). ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே மூன்று நான்கு பவுண்டுதான். ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு செம்புத் தண்ணீரும் சேர்ந்தால் அந்த எடை வந்துவிடும். அதனால் "நான்கு எடைப் பிரிவுகளில் சாம்பியன்" என்று கேட்டதும் மலைத்துப்போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 105-லிருந்து 115 வரை நான்கு பிரிவுகளிலும் பட்டம் வாங்கிய ஒருவர் மொத்தமாக ஏறியது நாலரைக் கிலோ. கனமான பிரிவுகளில் 175 பவுண்டுக்கு அடுத்த படியே 200 பவுண்டில்தான் இருக்கிறது. அங்கே ஒரே தாவலில் பதினொரு கிலோவுக்கு மேல்.

ஆனாலும் சின்ன உடம்புக்கு அந்த மூன்று பவுண்டு சின்ன விஷயம் இல்லை. 108-லிருந்து 115 என்பது உடல் எடையில் ஆறரை சதவீதம். தொண்ணூறு கிலோ ஆளுக்கு அது ஆறு கிலோவுக்குச் சமம். மேலே இருப்பவர்களும் அந்த எடையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை. இன்னும் பெரிய உடம்பை வற்ற வைத்து அங்கே இறங்கியிருப்பவர்கள். எடை பார்த்து முடித்த பிறகு ஒரு இரவு முழுக்கக் குடித்தும் தின்றும் உப்பிக்கொண்டு வருவார்கள். ஆக, சண்டை இரவில் எதிரே நிற்பவன் தாளில் இருக்கும் எடையைவிடப் பல கிலோ கூடுதல்.

2014: மூன்று கதவுகள்

அந்தச் செப்டம்பர் 5-ம் தேதி டோக்கியோவில் இனோவே முதல்முறையாகத் தன் பட்டத்தைக் காக்க இறங்கினார். எதிராளி தாய்லாந்தின் சமார்ட்லெக் கோகியட்ஜிம். ஜெயித்தது இனோவேதான், ஆனால் பதினொரு ரவுண்டு இழுத்தது. அதே மேடையில் அதே இரவில், அவருடைய பயிற்சிக்கூடத்தைச் சேர்ந்த அகிரா யாஎகாஷி நிகராகுவாவின் ரோமன் கொன்சாலஸிடம் ஒன்பதாவது ரவுண்டில் தோற்று ஃப்ளைவெயிட் பட்டத்தை இழந்தார். யோகோஹாமாவின் ஒஹாஷி கூடத்துக்கு அன்றைக்கு இரண்டு செய்தி கிடைத்தது. நம் பையனுக்கு 108 இனி ஆகாது. 112-ல் ஒரு புலி உட்கார்ந்திருக்கிறது.

முதல் வழி, 108-லேயே இருப்பது. அதை எடுத்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கக்கூட வேண்டாம், ரியோயிச்சி தகுச்சியைப் பார்த்தால் போதும். 2013 ஆகஸ்டில் ஜப்பான் தேசியப் பட்டத்துக்காக இனோவேயோடு முழு ரவுண்டுகளும் நின்று புள்ளிகளில் தோற்றவர் அவர். இனோவே 108-ஐ விட்டுப் போனார். தகுச்சி அங்கேயே இருந்தார். 2014 டிசம்பர் 31-ல் டபிள்யூபிஏ பட்டம் வாங்கினார், ஏழு முறை தக்கவைத்தார், 2017-ன் கடைசி நாளில் மிலன் மெலிண்டோவை வென்று ஐபிஎஃப் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். எந்த வீரனும் பெருமைப்படக்கூடிய வாழ்க்கை. ஜப்பானுக்கு வெளியே அவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

தங்குவதில் இன்னும் நல்ல உதாரணம் கென்ஷிரோ தெராஜி. கியோட்டோக்காரர். 2017 மே மாதம் 108-ல் டபிள்யூபிசி பட்டம் வாங்கி, 2024 வரை அந்த எடையை விடவில்லை. நடுவில் 2021-ல் மசாமிச்சி யபுகியிடம் தோற்று, ஆறு மாதத்தில் அதே ஆளை மூன்றே ரவுண்டில் படுக்கவைத்துப் பட்டத்தைத் திரும்பப் பிடித்தார். 2022 நவம்பரில் ஹிரோதோ கியோகுச்சியை வீழ்த்தி இரண்டு அமைப்புகளின் பெல்ட்டுகளை, அதாவது பட்டங்களை, ஒன்றாக்கினார். 32 வயதில்தான் 112-க்கு ஏறினார். அங்கேயும் இரண்டு பெல்ட் சேர்த்துவிட்டு, 2025 ஜூலையில் ரிக்கார்டோ சாண்டோவலிடம் பிளவுத் தீர்ப்பில் (நடுவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்து) இழந்தார். தெராஜிக்குத் தங்குவது பொருந்தியதற்குக் காரணம் எளிது: அவர் உடம்பு 108-க்கு ஒத்துழைத்தது. எடை இறக்கிய பிறகும் பன்னிரண்டு ரவுண்டு கால்கள் ஓடின. இனோவேக்கு ஓடவில்லை. ஆகவே முதல் கதவு அவருக்குத் திறந்திருப்பதுபோலத் தெரிந்தாலும் உண்மையில் மூடிய கதவுதான்.

இரண்டாவது வழி, ஒரு படி ஏறி 112. இயல்பான வழியும் அதுதான். அங்கே அப்போது யார் யார் என்று பாருங்கள். டபிள்யூபிசி கொன்சாலஸிடம். டபிள்யூபிஏ, டபிள்யூபிஓ இரண்டும் மெக்சிகோவின் ஹுவான் பிரான்சிஸ்கோ எஸ்ட்ராடாவிடம். ஐபிஎஃப் தாய்லாந்தின் அம்னாட் ருயென்ரோங்கிடம். அவர் அதே ஆண்டு மே மாதம்தான் ஜப்பானின் கசுதோ இயோகாவுக்கு வாழ்நாளின் முதல் தோல்வியைக் கொடுத்திருந்தார். கொன்சாலஸும் எஸ்ட்ராடாவும் அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த சிறிய எடை வீரர்கள். ஏழு சண்டை மட்டுமே முடித்த பையனை அங்கே அனுப்பலாமா?

மூன்றாவது வழி, இரண்டு படி தாவி 115. அங்கே டபிள்யூபிஓ பட்டம் அர்ஜென்டினாவின் ஒமர் நார்வாயஸிடம் இருந்தது. 39 வயது, உலகப் பட்டச் சண்டைகளிலேயே காலம் கழித்தவர், ஒரே ஒரு தோல்வி, அதுவும் பாண்டம்வெயிட்டுக்கு ஏறிப்போய் நோனிட்டோ டொனேரிடம். தரையில் விழுந்ததே இல்லை.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு நிர்வாக விஷயம் இருக்கிறது. ஜப்பான் குத்துச்சண்டை ஆணையம் 2013 ஏப்ரல் வரை டபிள்யூபிஏ, டபிள்யூபிசி என்ற இரண்டு அமைப்புகளைத்தான் அங்கீகரித்தது. ஐபிஎஃப், டபிள்யூபிஓ பெல்ட்டுகளுக்கு உள்ளூரில் மதிப்பே இல்லை. இரண்டு வருடம் முன்பு இதே நிலைமை வந்திருந்தால் நார்வாயஸின் பட்டம் இனோவேயின் கணக்கிலேயே வந்திருக்காது. எடை மாறும் முடிவை உடம்பும் துணிச்சலும் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தக் கதவுக்கு ஆணையத்தின் முத்திரை இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஒஹாஷி கூடத்தின் தலைவர் ஹிதேயுகி ஒஹாஷி தானே மினிமம்வெயிட்டில் டபிள்யூபிசி, டபிள்யூபிஏ இரண்டையும் வென்ற பழைய சாம்பியன். மாறிய விதியை வைத்துக் காய் நகர்த்தத் தெரிந்தவர்.

2014 டிசம்பர் 30 இரவு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. முதல் ரவுண்டில் இரண்டு முறை, இரண்டாவதில் இரண்டு முறை நார்வாயஸ் தரையில். கடைசி அடி விலாவுக்கு. கையுறைக்குள் ஏதாவது வைத்திருக்கிறானோ என்று நார்வாயஸ் தரப்புக்குச் சந்தேகம் வந்து, கையுறையைக் கழற்றிக் காட்டினார்கள். எட்டாவது சண்டையில் இரண்டாவது எடைப் பிரிவில் பட்டம். 108-ல் பட்டினி கிடந்த உடம்பு சாப்பிட்டுவிட்டு வந்தால் எப்படி அடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செலவும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. அந்த இரவிலேயே வலது கை காயப்பட்டு ஏறக்குறைய ஒரு வருடம் ரிங் பக்கமே வரவில்லை. இன்னொரு செலவு இன்னும் பெரியது: கொன்சாலஸோடு சண்டை நடக்கவே இல்லை. 112-ஐத் தாண்டிக் குதித்ததால் வந்த இழப்பு அது. கொன்சாலஸ் பிறகு 115-க்கு வந்தார், ஆனால் இருவரும் சந்திப்பதற்குள் 2017 மார்ச்சில் தாய்லாந்தின் ஸ்ரீசாகெட் அவரை வென்றுவிட்டார். மறுபடி செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் கார்சனில், நாலாவது ரவுண்டில் படுக்கவைத்தார். அதே மேடையில் அன்று இனோவே தன் முதல் அமெரிக்கச் சண்டையை ஆடிக்கொண்டிருந்தார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர், ஒருவர் ஏறுமுகம், ஒருவர் இறங்குமுகம். அந்தச் சண்டை நடந்திருந்தால் என்று நினைத்து வருந்தாத ரசிகன் இருக்க மாட்டான். இருந்தாலும் 2014-ல் எடுத்த முடிவு சரி என்றே சொல்வேன்.

சேகரிப்பவர்களும் காப்பவர்களும்

இனோவேக்கு இணையாக அதே காலத்தில் ஓடிய இன்னொரு பாதை இயோகாவுடையது. ஒசாகா மாநிலத்தின் சாகாய்க்காரர். சித்தப்பா ஹிரோகி இயோகா இரண்டு பிரிவுகளில் சாம்பியனாக இருந்தவர். 2011 பிப்ரவரியில் ஏழாவது சண்டையில் 105-ல் பட்டம். 2012-ல் யாஎகாஷியை வென்று இரண்டு பெல்ட்டை ஒன்றாக்கினார், அதே ஆண்டின் கடைசி நாளில் 108-ல் பட்டம், 2015-ல் 112, 2019 ஜூனில் 115. நான்கு எடைப் பிரிவுகளிலும் பட்டம் வாங்கிய முதல் ஜப்பானிய ஆண் வீரர். ஒவ்வொரு படியாக ஏறினார், எதையும் தாவவில்லை.

இயோகா அடித்துச் சாய்க்கிறவர் இல்லை. தூரம் பார்த்து, நேரம் பார்த்து, உடம்புக்குத் துல்லியமாகக் குத்துகிறவர். அப்படிப்பட்டவருக்கு எடை ஏறுவதால் பெரிய நஷ்டம் இல்லை என்று தோன்றும், கைப்பலத்தை நம்பி இருந்தால்தானே பலம் குறைவது வலிக்கும்? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2024 ஜூலையிலும் 2025 மேயிலும் அர்ஜென்டினாவின் பெர்னாண்டோ மார்டினெஸ் அவரை முட்டித் தள்ளிக்கொண்டே போனதைப் பார்த்தபோது கருத்து மாறியது. நுட்பக்காரனுக்கு எதிராளியை நிறுத்திவைக்க ஒரு அடியாவது வேண்டும். 105-ல் அவருக்கு இருந்த அந்த அடி 115-ல் இல்லை. அவர் ஏறியதைத் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் ஏறிய ஒவ்வொரு படியிலும் கையிலிருந்து ஏதோ ஒன்று கழன்றுகொண்டே வந்திருக்கிறது.

கோசெய் தனாகா இதையே ஓட்டமாக ஓடினார். ஐந்தாவது சண்டையில் 105-ல் பட்டம் வாங்கி இனோவேயின் சாதனையை ஒரே வருடத்தில் முறியடித்தார். பன்னிரண்டாவது சண்டையில் மூன்றாவது பிரிவு. அடுத்து 112-க்கு ஏறிவந்த நம் தகுச்சியைப் புள்ளிகளில் வென்றதும் அவர்தான். 2020-ன் கடைசி நாளில் இயோகாவிடம் எட்டாவது ரவுண்டில் வீழ்ந்து, 2024 பிப்ரவரியில் ஒருவழியாக 115 பட்டத்தையும் எட்டினார். எட்டு மாதத்தில் அதை இழந்து, 2025-ல் கண் பாதிப்பால் ஓய்வு. கண்ணுக்கு வந்ததற்கு எடை ஏறியதுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நான்கு பட்டத்தில் எதையும் நீண்ட நாள் வைத்திருக்கவில்லை என்பது மட்டும் உண்மை. யாரை வென்றார் என்பதைவிட எத்தனை பிரிவு என்பதே தலைப்புச் செய்தியாகிப்போனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, நல்ல வேகமான கை அவருக்கு.

எதிர்முனையில் ஷின்சுகே யமனாகா. ஜப்பானில் ஒரே பட்டத்தைத் தொடர்ந்து தக்கவைப்பதற்குத் தனி மரியாதை உண்டு. ஒகினாவாவின் யோகோ குஷிகென் 1976-லிருந்து 1981 வரை 13 முறை தக்கவைத்தது அங்கே ஒரு புனித எண் மாதிரி. யமனாகா 2011 நவம்பரில் டபிள்யூபிசி பாண்டம்வெயிட் பட்டம் வாங்கி 12 முறை காத்தார். அவருடைய இடது கைக்கு "தெய்வத்தின் இடது" என்றே பட்டப்பெயர். பதின்மூன்றாவது வந்தது 2017 ஆகஸ்ட் 15, கியோட்டோ. எதிரே மெக்சிகோவின் லூயிஸ் நெரி. நாலாவது ரவுண்டில் யமனாகாவின் மூலையிலிருந்து, தோல்வியை ஒப்புக்கொண்டு, துண்டு பறந்தது. நெரியின் சோதனையில் தடைசெய்த மருந்து இருந்தது தெரியவந்து, மறுசண்டைக்கு ஏற்பாடானது. 2018 மார்ச் 1-க்கு முந்தின நாள் நெரி எடைமேடையில் ஏறினால் ஐந்து பவுண்டு கூடுதல்! பட்டம் பறிபோயிற்று, ஆனாலும் சண்டை நடந்தது, இரண்டாவது ரவுண்டில் யமனாகா முடிந்துபோனார். ஓய்வு அறிவித்தார்.

யமனாகா 118-லேயே நின்றது கோழைத்தனம் இல்லை. 35 வயது வரை அந்த எடையை நேர்மையாகக் காட்டியவர் அவர். எதிரே வந்தவன் காட்டவில்லை. ஆனால் முடிவெடுக்கிறவன் கண்ணோட்டத்தில் பார்த்தால், தங்கும் வழியின் பலவீனம் இங்கேதான் தெரிகிறது. நீ இருக்கும் இடம் எல்லாருக்கும் தெரியும். கீழே இருந்து வளர்ந்தவன், மேலே இருந்து இறங்கியவன், எல்லாரும் உன்னைக் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள். நீயோ ஒவ்வொரு வருடமும் ஒரு வயது கூடிக்கொண்டு அங்கேயே இருப்பாய்.

118: காலி செய்துவிட்டுக் கிளம்புவது

இனோவே 115-ல் ஏழு முறை பட்டத்தைக் காத்தார். ஒன்றிரண்டைத் தவிர நினைவில் நிற்கும் எதிராளிகள் இல்லை. எடை மறுபடி இறுக்கத் தொடங்கியது, பெரிய பெயர்கள் கைக்கு வரவில்லை. 2018 மே 25-ல் பாண்டம்வெயிட்டில் இறங்கினார். எதிரே இங்கிலாந்தின் ஜேமி மெக்டொனல், இனோவேயைவிட நன்றாகவே உயரம் கூடுதல். எடை பார்க்கும் நாளில் கண்கள் குழிந்து, கன்னம் ஒட்டி, பார்க்கவே சகிக்காத கோலத்தில் வந்து நின்றார் மெக்டொனல். மறுநாள் முதல் ரவுண்டைக்கூடத் தாண்டவில்லை. தங்கக் கூடாத எடையில் தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரண்டு நாள் படங்களே போதும். நான்கு வருடம் முன்பு கால் பிடித்துக்கொண்டு நின்ற இனோவே 108-லேயே இருந்திருந்தால் அந்தக் கோலம் அவருக்கும் வந்திருக்கும்.

பாண்டம்வெயிட்டில் அவர் செய்ததுதான் இயோகா, தனாகா, யமனாகா மூவரின் வழிகளிலிருந்தும் வேறுபட்டது. ஒரு பட்டத்தை வாங்கிவிட்டு ஏறவும் இல்லை, ஒரு பட்டத்தோடு உட்காரவும் இல்லை. நாலு வருடத்துக்கு மேல், ஒன்பது சண்டைகளில், அந்தப் பிரிவை ஒட்டக் காலி செய்தார். 2018 அக்டோபரில் பயானோவை எழுபது விநாடியில். 2019 மேயில் கிளாஸ்கோவில் இம்மானுவேல் ரோட்ரிகஸை இரண்டாவது ரவுண்டில், ஐபிஎஃப் பெல்ட்டோடு. அந்த நவம்பரில் சைதாமாவில் டொனேரோடு பன்னிரண்டு ரவுண்டு, கண்குழி எலும்பு உடைந்து, ஒரு கண்ணில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய. 2022 ஜூனில் அதே டொனேரை இரண்டே ரவுண்டில் முடித்து டபிள்யூபிசி. டிசம்பர் 13-ல் பால் பட்லர், நாலாவது பெல்ட். பட்லர் பத்து ரவுண்டு ஓடிக்கொண்டே இருந்தார். இனோவே ஒரு கட்டத்தில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு "வா, அடி" என்று முகத்தைக் காட்டினார். பதினோராவது ரவுண்டில் கதை முடிந்தது. அடுத்த மாதமே நாலு பெல்ட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

என் மதிப்பில் இதுதான் அவர் எடுத்த மிகச் சிறந்த முடிவு, 2014 தாவலைவிடவும். 115-லிருந்து போனபோது அங்கே செய்யாமல் விட்ட வேலை பாக்கி இருந்தது. 118-லிருந்து போனபோது எதுவும் பாக்கி இல்லை. மேலே போய் 2023 ஜூலை 25-ல் ஸ்டீபன் ஃபுல்டனை எட்டாவது ரவுண்டிலும், டிசம்பர் 26-ல் மார்லன் தபாலெஸைப் பத்தாவதிலும் வீழ்த்தி, ஐந்தே மாதத்தில் 122-ன் நாலு பெல்ட்டையும் சேர்த்தார். நாலு பெல்ட் காலத்தில் இரண்டு எடைகளில் இதைச் செய்த ஆண்களில் டெரன்ஸ் கிராஃபோர்டுக்கு அடுத்தவர் அவர்தான்.

அப்புறம் 126

சரி, ஃபெதர்வெயிட். ஏற வேண்டும் என்பவர்களின் வாதம் வலுவானதுதான். ஒவ்வொரு முறை ஏறியபோதும் "இங்கே இவன் அடி எடுபடாது" என்றார்கள், ஒவ்வொரு முறையும் எடுபட்டது. 122-ல் வேலை முடிந்தது. ஐந்தாவது எடைப் பிரிவு என்பது வரலாறு.

எனக்கு அந்த வாதம் ஒட்டவில்லை. காரணம் அடிப்பதில் இல்லை, வாங்குவதில் இருக்கிறது. 2024 மே 6, டோக்கியோ டோம். 1990-ல் டைசன் டக்ளஸிடம் விழுந்த அதே அரங்கு. எதிரே யமனாகாவின் வாழ்க்கையை முடித்த அதே நெரி. முதல் ரவுண்டிலேயே நெரியின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) பட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக இனோவே தரையில். எழுந்தார், எட்டு எண்ணும் வரை ஒற்றை முழங்காலில் நிதானமாக இருந்து எழுந்தார், ஆறாவது ரவுண்டில் நெரியை முடித்தார். ஒரு வருடம் கழித்து லாஸ் வேகாஸில் ரமோன் கார்டெனாஸ், இரண்டாவது ரவுண்டில், மறுபடி இடது ஹூக், மறுபடி தரை. எட்டாவது ரவுண்டில் இனோவே முடித்தார் என்பது வேறு. 118-ல் டொனேரின் ஹூக் எலும்பை உடைத்தும் விழாத ஆள், நாலு பவுண்டு மேலே வந்ததும் இரண்டு முறை விழுந்திருக்கிறார். வயது ஒரு காரணம், அடிக்கும் வெறியில் கை தாழ்வது ஒரு காரணம். மூன்றாவது காரணம் எதிரே நிற்கும் உடம்பு.

2025-ன் பின்பாதி இன்னொரு பக்கத்தைக் காட்டியது. செப்டம்பர் 14-ல் நகோயாவில் முரோத்ஜோன் அக்மதாலியெவோடு பன்னிரண்டு ரவுண்டும் காலாலேயே சண்டை போட்டார். அடித்துவிட்டு இல்லாமல் போவது, மறுபடி வேறு கோணத்தில் வருவது. முடிக்க வேண்டும் என்ற வெறியே இல்லை. டிசம்பரில் ரியாதில் அலன் பிகாசோவையும் புள்ளிகளில்தான் வென்றார். நாக் அவுட் வரவில்லை என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கோ அக்மதாலியெவ் சண்டைதான் அவருடைய மிக முதிர்ந்த ஆட்டம். 122-ல் இன்னும் சில வருடம் இப்படி ஆடலாம். 126-ல் இதே ஆட்டத்துக்கு இடம் குறைவு. 2023 டிசம்பரில் அங்கே டபிள்யூபிஓ பட்டம் வாங்கிய மெக்சிகோவின் ரஃபேல் எஸ்பினோசாவின் உயரம் 185 சென்டிமீட்டர். இனோவேயைவிட இருபது சென்டிமீட்டர் கூடுதல். அவ்வளவு நீளமான கைக்கு உள்ளே புகுந்து அடிக்க வேண்டுமானால் வழியில் நாலு வாங்கித்தான் ஆக வேண்டும்.

இப்போது ஹசேகவாவைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இனோவேக்கு முன் இதே முடிவை எடுத்த ஜப்பானியர் அவர். ஹொசுமி ஹசேகவா 2005 ஏப்ரலில் டபிள்யூபிசி பாண்டம்வெயிட் பட்டம் வாங்கிப் பத்து முறை காத்தார். கடைசி வருடங்களில் 118-க்கு இறங்குவது அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. 2010 ஏப்ரல் 30-ல் பெர்னாண்டோ மொன்டியலிடம் நாலாவது ரவுண்டில் தாடை உடைந்து தோற்றார். மொன்டியலிடம் டபிள்யூபிஓ பெல்ட் இருந்தது. ஆனால் முன்பு சொன்ன அதே விதியால் ஜப்பானில் அது ஒன்றிணைப்புச் சண்டையாகக்கூட எண்ணப்படவில்லை. ஏழு மாதம் கழித்து, 122-ஐத் தாவி நேராக 126. தாயை இழந்து கொஞ்ச நாளே ஆன நிலையில் ஹுவான் கார்லோஸ் பர்கோஸைப் பன்னிரண்டு ரவுண்டில் வென்று பட்டம். எல்லாரும் ஆஹா என்றார்கள். அடுத்த ஏப்ரலில், கோபேயில், ஜானி கொன்சாலஸின் கை பட்டது, நாலாவது ரவுண்டோடு சரி. ஃபெதர்வெயிட்டில் பட்டம் வாங்க முடிந்தது, வைத்திருக்க முடியவில்லை. வேகமும் கண்ணும் இருந்தன, அந்த எடைக்காரனின் ஒரு அடியைத் தாங்கும் சட்டகம் இல்லை.

இரண்டு பேருக்கும் வித்தியாசம் உண்டு. ஹசேகவா தோற்றுவிட்டு, காயத்தோடு, இரண்டு படி தாவினார். இனோவே தோற்காதவர், ஏறினால் ஒரு படிதான் ஏறுவார். கைப்பலமும் இவருக்குக் கூடுதல். ஆகவே 126-ல் இனோவே ஒரு பட்டம் வாங்குவார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரே ஒரு சண்டை, சரியான ஆளைப் பார்த்து, பட்டத்தை வாங்கிவிட்டுத் திரும்பி வருவது என்றால் ஆட்சேபம் இல்லை. ஆனால் 118-க்கு வந்த பிறகு அவர் எந்தப் பிரிவிலும் அப்படிக் கூடையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனதில்லை, போனால் காலி செய்யத்தான் போவார். 126-ஐக் காலி செய்ய 165 சென்டிமீட்டர் போதாது என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால் 122.

ஹசேகவாவின் கதை கோபேயோடு முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். முன்பு தாவிக் குதித்த அந்த 122-க்கே அவர் இறங்கி வந்தார். 2014-ல் ஸ்பெயினின் கிகோ மார்டினெஸிடம் ஏழாவது ரவுண்டில் தோற்றார், எல்லாரும் முடிந்தது என்றார்கள். 2016 செப்டம்பர் 16, ஒசாகா. மெக்சிகோவின் ஹியூகோ ரூயிஸ் ஒன்பதாவது ரவுண்டில் அவரைக் கயிற்றோரம் மடக்கிச் சரமாரியாக அடிக்க, 35 வயது ஹசேகவா கயிற்றில் சாய்ந்தபடியே திருப்பி அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். மணி அடித்தது. பத்தாவது ரவுண்டுக்கு ரூயிஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தப் பட்டத்தோடு ஹசேகவா ஓய்வு பெற்றார்.